குழலுக்குள் பி வகை

இருபத்து மூன்று பேர் துப்பிவிட்டுப் போய்விட்டார்கள். இருபத்து நான்காவது ஆளான குழாய் சார் மட்டும், ஒரு சின்னக் குப்பியை வாய்க்கு நேரே பிடித்தபடி நகராட்சி மண்டபத்தின் மூலையில் முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். நாக்கைச் சுழற்றினார். கன்னத்தை உள்ளே இழுத்தார். உலகத்தில் உள்ள புளிப்பையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தார். வாய் கோடைக்காலத்துக் கிணறு மாதிரி கிடந்தது.

"அவசரமே இல்லைங்க. நிதானமாத் துப்புங்க," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த லேப் அம்மா.

அவர் அப்படிச் சொல்லச் சொல்ல, மிச்சம் இருந்த கொஞ்ச ஈரமும் உள்ளே போய் ஒளிந்துகொண்டது.

குழாய் சார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பகலில் அவருக்குக் குடிநீர் வாரியத்தில் குழாய்ப் புகார்ப் பிரிவில் வேலை. மாலையில் நகராட்சி பேண்டில் டிராம்போன். ஒரு பித்தளைக் குழாயை இன்னொரு பித்தளைக் குழாய்க்குள் செருகி, முன்னும் பின்னும் இழுத்து இழுத்து ஊதுகிற வாத்தியம் அது. ஆபீஸிலும் குழாய், பேண்டிலும் குழாய் என்று ஆனபிறகு ஊர் வேறு எப்படித்தான் கூப்பிடும்?

ஊதுகிறவர்களுக்கு வருஷம் ஒருமுறை உடல் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்பது பேண்டின் விதி. போன வருஷம்வரை ரத்தம்தான் எடுத்தார்கள். போன வருஷம் ஊசியைப் பார்த்த பெரிய மேளக்காரர் மயங்கி, தன் மேளத்தின் மேலேயே தொப்பென்று விழுந்துவிட்டார். மேளக்காரர் நல்ல ஆரோக்கியம் என்று முடிவு வந்தது. மேளம்தான் தேறவில்லை. இந்த வருஷம் வேறு வழி உண்டா என்று பேண்ட் மாஸ்டர் விசாரித்தபோதுதான் லேப் அம்மா எச்சிலைச் சிபாரிசு செய்தார்.

அந்த அம்மாவுக்கு எச்சில் என்றால் அப்படி ஒரு மரியாதை. ஊரே முகம் சுளிக்கிற ஒரு பொருளைப் பற்றி அவர் பேசும்போது, நல்ல குடும்பத்துப் பிள்ளையைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். எல்லாவற்றுக்கும் எச்சில் போதாது, சிலவற்றுக்கு ரத்தம்தான் வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். பேண்டுக்குத் தேவையான நாலைந்து சோதனைகளுக்கு இது தாராளம் என்றார். அப்புறம் ஒன்று சொன்னார். அது குழாய் சாருக்கு மனதில் நின்றுவிட்டது.

"உள்ள நடக்கறது தெரியணும்னா உள்ளதான் குத்திப் பாக்கணும்னு இல்லைங்க. வாசல்ல உக்காந்திருக்கறவங்களைக் கேட்டாலே பாதி தெரிஞ்சுடும். எச்சில் வாசல்ல உக்காந்திருக்கு."

எல்லாம் சரிதான். ஆனால் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியது இன்று லீவு போட்டிருந்தது.

குழாய் சாருக்கு இந்தச் சான்றிதழ் வெறும் காகிதம் அல்ல. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் புது இசைமேடையைத் திறக்கிறார்கள். அதில் டிராம்போனுக்குத் தனி வாசிப்பு உண்டு. மற்ற இருபத்து மூன்று பேரும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க, ஒரே ஒரு குழல் நாலு நிமிஷம் பேசும். பத்தொன்பது வருஷமாகப் பின்வரிசையில் 'பூம் பூம்' என்று மற்றவர்களுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு மாஸ்டர் அதைத் தூக்கிக் கொடுத்திருந்தார். கொடுத்தபோது மாஸ்டர் சொன்னதை அவர் இன்றுவரை தினம் நாலு தடவை நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஒத்திகையில வாசிக்கறீங்களே, அது வேண்டாம். உங்க வீட்டுல வாசிக்கறீங்களே, அது வேணும். தெருவுல நின்னு கேட்டேன். அசந்துட்டேன்."

மாஸ்டர் காலை நடைக்கு வருகிறவர் போலிருக்கிறது என்று குழாய் சார் எடுத்துக்கொண்டார். காலை ஆறு மணிக்கு வீட்டில் சாதகம் செய்வது அவர் வழக்கம். இருபத்தாறு வருஷமாக ஆறு அடித்ததும் அவர் குழலை எடுப்பார், அவர் மனைவி பஞ்சை எடுப்பாள். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனால், அவர் குழலைப் பெட்டியில் வைத்த பிறகுதான் காது திறக்கும். இசை எல்லாருக்கும் கொடுத்துவைப்பதில்லை என்று குழாய் சார் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

சான்றிதழ் வெள்ளிக்கிழமை மாலைக்குள் மாஸ்டர் கைக்குப் போகாவிட்டால் தனி வாசிப்பு இரண்டாம் குழலுக்குப் போய்விடும். இரண்டாம் குழல் பக்கத்து நாற்காலிக்காரன். எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே குழாய் சாருக்கு வயிற்றெரிச்சல்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க," என்று லேப் அம்மா கடைசியில் இரக்கப்பட்டு, நீலக்கோடு போட்ட ஒரு குப்பியை மூடியோடு கொடுத்தார். அரை மணி நேரத்துக்கு எதுவும் தின்னக்கூடாது, குடிக்கக்கூடாது, நீலக்கோடு வரைக்கும் நிரப்பி, நேரத்தைக் குறித்துக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்வது சுலபம். அன்று மாலை அவர் சாப்பாட்டு மேஜைமேல் குப்பியை வைத்துவிட்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தார். காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி, "என்னங்க, அது உங்களைப் பாத்து ஏதாவது கேக்குதா?" என்று விசாரித்தாள். அவருக்குப் பதில் சொல்லவும் வாயில் ஈரம் இல்லை.

மறுநாள் காலை சாதகம் முடிந்தது. வழக்கம்போல குழலின் வளைவில் உள்ள சின்ன விசையை அமுக்கி, உள்ளே தேங்கிய தண்ணீரைப் பழைய கிண்ணத்தில் வடித்தார். சொட்டுச் சொட்டாக விழுந்து கிண்ணத்தின் அடியை மூடியது. அதைப் பார்த்தவருக்குச் சட்டென்று நெற்றியில் விளக்கெரிந்தது. இது யார் வாயிலிருந்து வந்தது? என் வாயிலிருந்து. அப்படியானால் இது என்ன?

குழலுக்குள் தேங்குவது பெரும்பாலும் மூச்சுக்காற்றின் ஈரம், எச்சில் அதில் கொஞ்சம்தான். முப்பது வருஷம் ஊதியவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. யாராவது சொல்லியிருந்தாலும் கோபித்துக்கொண்டிருப்பார். தன் எச்சிலைப் பற்றி ஊதுகிறவனுக்கு ஒரு கர்வம் உண்டு. நீலக்கோடு வரை நிரப்பினார், நேரம் குறித்தார், ஆபீஸ் போகிற வழியில் லேபில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போனார்.

புதன்கிழமை லேப் அம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"வாய்க்குள்ள பித்தளை ஏதாவது கட்டியிருக்கீங்களா?"

குழாய் சார் ஒரு கணம் யோசித்தார். "ஒரு பல்லு," என்றார்.

"ஒரு பல்லுக்கு இவ்வளவு செம்பு வராதுங்க. முப்பத்திரண்டும் கட்டியிருக்கணும். எங்க, ஆன்னு காட்டுங்க."

காட்டுவதற்குப் பதிலாக உண்மையைச் சொல்லிவிட்டார். திட்டு விழும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார். அந்த அம்மாவோ கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் குழல் எச்சிலைத் தான் பார்த்ததே இல்லை என்று சந்தோஷப்பட்டார். தொழிலில் மனது வைத்தவர்களுக்கு எதிலும் ஒரு புதுமை தெரிந்துவிடுகிறது. அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொரு விஷயம். உங்க பழைய சீட்டுல ரத்த வகை 'ஏ'ன்னு போட்டிருக்கு."

"ஆமாம்."

"குப்பியில ஏ இருக்கு. கூடவே பியும் இருக்கு."

எச்சிலில் எப்படி ரத்த வகை தெரியும் என்று குழாய் சார் கேட்டார். ரொம்பப் பேருக்கு எச்சிலிலேயே அது வெளிப்பட்டுவிடும் என்றார் அந்த அம்மா. ஊசி என்றால் ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறான், கை அவனுடையது. எச்சில் வீட்டிலிருந்து வருகிறது, யாருடையது என்று என்ன நிச்சயம்? அதனால் வீட்டுக் குப்பி ஒவ்வொன்றையும் ரத்த வகை வைத்து ஒத்துப் பார்ப்பது தன் வழக்கம் என்றார்.

"பியும் இருந்தா என்ன அர்த்தம்?"

"உங்க குழலை இன்னொருத்தரும் ஊதறாங்கன்னு அர்த்தம்."

ஊதுவாத்தியக்காரனிடம் இதைச் சொல்வதும், உன் பல் தேய்க்கும் பிரஷ்ஷை இன்னொருவர் எடுத்துத் தேய்க்கிறார் என்று சொல்வதும் ஒன்றுதான். குழாய் சாருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை கொதித்தது. லேப் அம்மா கொடுத்த இரண்டாவது குப்பியைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஐந்து மணிதான் கடைசி என்று அவர் சொன்னதைக் காதில் பாதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

யார்? வீட்டில் பகலில் யாரும் இல்லை. மனைவி தினமும் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை இரண்டு தெரு தள்ளி இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். வீடு பூட்டிக்கிடக்கும், குழல் பெட்டிக்குள் கிடக்கும். அந்த நேரம் பார்த்து எவனோ நுழைகிறான். சமீபகாலமாகக் குழலின் இழுப்பு வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போவது நினைவுக்கு வந்தது. எவனோ எண்ணெய் போட்டிருக்கிறான். எதிரி எண்ணெய் போடுவானா? போடுவான். ஞாயிற்றுக்கிழமை மேடையில் இழுப்பு கையைவிட்டு வழுக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் விழட்டும் என்று போட்டிருப்பான்.

அவர் வீடு மாடியில். மாடிப்படியின் கீழே ஒரு சாவிக்காரர் கடை. பத்து மணிக்குக் கடையைத் திறந்தால் இருட்டும்வரை அரத்தால் சாவியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பார்க்கும்போதெல்லாம், உங்கள் வீட்டு வாசிப்பைக் கேட்டால் என் அரம்கூடச் சேர்ந்து பாடுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லுவார். நல்ல ரசிகர். ஆனால் சாவிக்காரர். அன்று குழாய் சார் அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்.

"என் வீட்டுச் சாவிக்கு யாராவது மாத்துச்சாவி போட்டுட்டுப் போனாங்களா?"

"உங்க சாவிக்கா? இல்லைங்க."

"உங்க முக்காலியில யார் யாரோ உக்காந்திருக்காங்களே, அவங்கல்லாம் யாரு?"

"வாடிக்கைக்காரங்க. பூட்டைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். ஆளைப் பத்தியும் வீட்டைப் பத்தியும் நானாப் பேசமாட்டேன். எங்க தொழில்ல அது ஆகாது," என்றார் சாவிக்காரர்.

சொல்லிவிட்டு அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டதைக் குழாய் சார் கவனித்தார். மடியில் கனம் இருப்பதால்தான் இந்த ஆளுக்கு வழியில் பயம் என்று தீர்மானித்தார். கையோடு ஒரு புதுப்பூட்டு வாங்கினார். அதே சாவிக்காரர்தான் கதவில் பொருத்தினார். சாவி இரண்டு. ஒன்று குழாய் சாருக்கு, ஒன்று மனைவிக்கு.

"எதுக்குங்க இப்போ புதுப்பூட்டு?" என்றாள் மனைவி.

"எவனோ வீட்டுக்குள்ள வந்து என் குழலை ஊதறான்."

"ஊதட்டுமே. தேஞ்சா போயிடும்?" என்று சொல்லிவிட்டு அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். இவளிடம் போய் வாத்தியத்தின் அருமையைச் சொன்னேனே என்று குழாய் சார் நொந்துகொண்டார்.

அன்று மாலையே விசாரணையைத் தொடங்கினார். பேண்டில் அத்தனை பேருக்கும் போன் போட்டு, ரத்த தானப் பட்டியல் தயார் செய்கிறேன், உங்கள் வகை என்ன என்று கேட்டார். பெரிய மேளக்காரரிடம் 'ரத்த' என்று ஆரம்பித்ததுமே அந்தப் பக்கம் ஏதோ சரிகிற சத்தம் கேட்டது. மேற்கொண்டு கேட்கவில்லை. பட்டியல் முடிந்தபோது பி வகையில் மூன்று பேர் தேறினார்கள்: ஜால்ராக்காரர், இரண்டாம் குழல், பேண்ட் மாஸ்டர்.

மாஸ்டரா? இருக்காது என்று முதலில் தள்ளினார். அப்புறம் அவர் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு மூன்று சாவி தொங்கியது. இப்போது பதினைந்து இருபது இருக்கும், நடந்தால் குதிரை வண்டி வருகிற மாதிரி சத்தம். பணி ஓய்வு பெற்ற ஒற்றை ஆளுக்கு எதற்கு இருபது சாவி? எத்தனை வீட்டுக் கதவைத்தான் திறக்கிறார் இந்த மனுஷன்?

பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. வியாழக்கிழமை காலை குழலைப் பெட்டியோடு ஆபீஸுக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அது புகார்ப் பிரிவு என்பதை அவர் யோசிக்கவில்லை. மூன்று வாரமாகத் தண்ணீர் வராத ஒரு பெண்மணி மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அவசரத்தில் பெட்டியைச் சரியாக மூடாததால், இழுப்புக் குழாய் பளபளவென்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "இவ்வளவு நீளக் குழாயைக் காலடியில பதுக்கி வெச்சுக்கிட்டு, குழாய் இருப்பு இல்லைன்னு எங்களைத் திருப்பி அனுப்பறீங்க," என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் குனிந்து பார்த்தார்கள். மேலதிகாரி வந்து பார்த்தார். அது குடிநீர்க் குழாய் அல்ல என்று நிரூபிக்க, குழாய் சார் ஆபீஸ் நடுவில் எழுந்து நின்று ஊதிக்காட்ட வேண்டியதாயிற்று. ஊதியதும், இதற்குப் பேசாமல் குழாய் என்றே ஒப்புக்கொண்டிருக்கலாம் என்று வரிசையில் ஒருவர் அபிப்பிராயப்பட்டார்.

மாலை ஒத்திகையில் மாஸ்டர் முகம் சரியில்லை.

"இன்னிக்கு வீட்டுல வாசிக்கலையே நீங்க?"

குழாய் சாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில் ஆறு மணிக்கு ஊதித்தான் இருந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒரு நாள்கூட விடக்கூடாது. இன்னொரு நாள் இப்படிப் பண்ணினா தனி வாசிப்பு இரண்டாம் குழலுக்குத்தான்," என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் சாவிக்கொத்து குலுங்கத் திரும்பி நடந்தார்.

ஆக, வந்திருக்கிறார். கதவைத் திறக்க முடியாமல் போயிருக்கும், இல்லை, திறந்து பார்த்துக் குழல் இல்லாமல் திரும்பியிருக்கும். அந்த ஆத்திரம்தான் இது. தனி வாசிப்பின் நடுவே ஒரு இடம் உண்டு. ஒற்றை ஸ்வரம் படிப்படியாக மேலே ஏறி, உச்சியில் போய் நின்று, மூச்சு வாங்காமல் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு மாதமாக அவர் அந்த இடத்தில் காற்றடைத்த குழாய் மாதிரி விக்கிக்கொண்டிருந்தார். அன்று அதைவிட மோசமாக விக்கினார். இரண்டாம் குழல் சிரித்தான்.

வீட்டுக்கு வந்தால் மனைவியும் முகம் கொடுக்கவில்லை. தட்டை டங்கென்று வைத்தாள். குழலை ஏன் தூக்கிக்கொண்டு போனீர்கள் என்று கேட்டாள். பத்திரத்துக்கு என்றார். புதுப்பூட்டுப் போட்ட வீடு பத்திரம் இல்லையா, நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்றாள். நாளைக்கு வீட்டிலேயே விட்டுப் போகிறேன் என்று அவர் சத்தியம் செய்த பிறகுதான் சாப்பாடு வந்தது. சனியன் பிடித்த எச்சில், குடும்பத்துக்குள்ளேயே புகுந்துவிட்டதே என்று வருந்தினார்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டாவது குப்பியோடு உட்கார்ந்தார். கோபத்தில் வாய் இன்னும் வறண்டது. எலுமிச்சம்பழத்தை மனதில் நினையுங்கள் என்று லேப் அம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். நினைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மனம் இரங்கிய மனைவி ஒரு பழத்தைக் குறுக்கே அரிந்து மூக்குக்கு நேரே நீட்டினாள், பார்க்கட்டும் என்று. மனுஷன் பதற்றத்தில் பழத்தை வாங்கி, பார்ப்பதற்குப் பதில் உறிஞ்சிவிட்டார். அப்புறம் என்ன, வெள்ளம்தான். குப்பி நீலக்கோட்டைத் தாண்டியது.

லேப் அம்மா ஒரு காகிதத்தை நனைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இதை வெச்சு எலுமிச்சம்பழத்துக்கு வேணும்னா சான்றிதழ் குடுக்கலாம்." கடைசிக் குப்பியைக் கொடுத்தார். "அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். பயப்படாதீங்க. பயந்தா வராது. மனசு லேசானா தன்னால ஊறும்."

மனசு எங்கே லேசாவது? மதியம் அரை நாள் லீவு போட்டார். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது. கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, உள்ளே வருகிறவன் கையைச் சாவியோடு பிடித்து, அது மாஸ்டராக இருந்தாலும் சரி, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று புறப்பட்டார். பூங்காவைக் கடந்தபோது கால் நின்றுவிட்டது. புது இசைமேடையில் மாஸ்டர் நாற்காலிகளை வரிசை பார்த்துக்கொண்டிருந்தார். ஜால்ராக்காரர் தோரணத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் குழல் சிரித்த முகத்தோடு ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். பி வகை மூன்றும் கண்ணெதிரே இருந்தது.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. இன்று யாரும் வரப்போவதில்லை. நிதானமாக நடந்து தன் தெருவுக்குள் திரும்பினார்.

டிராம்போன் கேட்டது.

மாடியிலிருந்து, அவர் வீட்டு ஜன்னலிலிருந்து, அவருடைய தனி வாசிப்பு வந்துகொண்டிருந்தது. அவர் ஓடத்தான் ஆரம்பித்தார். பத்தடி ஓடியதும் ஓட்டம் நடையாயிற்று. மாடிப்படிக்கு வந்ததும் நடை நின்றுவிட்டது. முதல் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக அப்படியே நின்றார்.

அவருக்கு எதுவும் தெரியாவிட்டாலும் டிராம்போன் தெரியும். மேலே வாசிக்கிற ஆள் குழலை அதட்டவில்லை. அவசரப்படுத்தவில்லை. இழுப்பு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே தானாகப் போய் நின்றது. ஒவ்வொரு ஸ்வரமும் முந்தைய ஸ்வரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. இந்தப் பித்தளைக் குழாய்க்குள் இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று முப்பது வருஷமாகத் தனக்குத் தெரியவில்லையே என்று நினைத்தபோது அவருக்குத் துக்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தெருவில் சைக்கிளில் போன ஒருவர் பெடலை மிதிப்பதை நிறுத்திவிட்டு உருண்டு போனார். சாவிக்காரரின் அரம் மெதுவாகத் தாளத்தோடு நகர்ந்தது.

அந்த இடம் வந்தது. ஸ்வரம் ஏறியது. குழாய் சார் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஏறி, உச்சிக்குப் போய், நின்றது. அசையவில்லை. இன்னும் நின்றது. மூச்சுத் திணறியது கீழே நின்ற அவருக்குத்தான். வாய் பிளந்து, கண் கலங்கி, கையில் லீவு விண்ணப்பத்தின் நகலோடு அவர் நின்றுகொண்டிருந்தபோது, மோவாயில் ஏதோ ஈரமாக ஊர்ந்தது.

துடைக்கக் கை போனது. சட்டென்று நின்றது. மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து, திறந்து, பிளந்த வாயை மூடாமலேயே கீழே பிடித்தார். கலப்படம் இல்லை. பித்தளை இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. வாசிப்பு முடிகிறபோது குப்பி நீலக்கோட்டில் வந்து நின்றது. மூடியைத் திருகி, மூன்று மணி பத்து நிமிஷம் என்று நேரம் குறித்தார்.

ஆனால் லேபுக்கு ஓடத் தோன்றவில்லை. கடைவாசலில் கிடந்த முக்காலியில் போய் உட்கார்ந்தார். மேலே அதே வாசிப்பு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தேடிப் பார்த்தார், இல்லை. பத்தொன்பது வருஷம் காத்திருந்த நாலு நிமிஷம் தன்னுடையது இல்லை என்பது மட்டும் அவருக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அது வலித்தது. ஆனாலும் இந்த வாசிப்பைக் கேட்டபிறகு அந்த மேடையில் தான் போய் நின்று விக்குவது பாவம் என்றும் தெரிந்தது.

"யாரா இருந்தாலும் சரி," என்றார் சாவிக்காரரிடம். "ஞாயித்துக்கிழமை தனி வாசிப்பு இவங்களுக்குத்தான் போகணும். நான் இப்பவே மாஸ்டர்கிட்டப் போய்ச் சொல்லப்போறேன். யார் பேரைச் சொல்றதுன்னுதான் தெரியல. உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா சொல்லுங்க, கேக்கறேன்."

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். இத்தனை நாள் யாரும் கேட்காத கேள்வி கடைசியில் வந்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

"மாஸ்டர் அடிக்கடி மூணு மணிக்கு ஒரு சாவி போடற சாக்குல வந்து, நீங்க உக்காந்திருக்கற இதே முக்காலியில உக்காந்து கேட்டுட்டு, நீங்க ஆபீஸுக்கு டிமிக்கி குடுத்துட்டு வந்து ஊதறீங்கன்னு நினைச்சுத்தானுங்க தனி வாசிப்பையே குடுத்தாரு, வாசிக்கறது உங்க வீட்டம்மான்னு அவருக்குத்தான் தெரியாது, உங்களுக்குமா தெரியாது?"